எட்டாவது இலக்கம்

தம்பி,

இதை நீ படிக்கும்போது உனக்கு மீசை இருக்கும். உன் கல்யாணத்தன்று, கூட்டம் சாப்பிடப் போன நேரம் பார்த்து உன் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். இப்போது உனக்கு ஏழு வயது, எனக்கு முப்பத்திரண்டு. நான் பெற்ற உன்னைக் கண்டனூர் வீட்டுக்குப் பிள்ளையாகக் கொடுத்து எட்டு மாதம் ஆகிறது. அன்றே எழுதியிருக்க வேண்டியது. உட்கார்ந்தேன், எழுத்து வரவில்லை, எண்தான் வந்தது. ஆகவே எண்ணைப் பற்றியே எழுதுகிறேன். மற்றதெல்லாம் அதன் பின்னால் வருகிறதா பார்க்கலாம்.

வளர்ந்த உனக்கு இங்கே நடந்தவை பாதி மறந்திருக்கும். காரைக்குடியில் இந்த வீட்டில் உன் பெரியப்பச்சி, பெரியாத்தா குடும்பமும் நாமும் இருந்தோம். நடுமுற்றமும் தாழ்வாரமுமாக ஒரே வளவு, அடுப்பு மட்டும் தனித்தனி. சமையல் முடிந்து, உன்னைப் பெற்ற அப்பச்சியும் கடைக்குப் போனபின் வளவில் நம் இருவர் ராஜ்ஜியம். உன் அண்ணனுக்குத் தெருவில்தான் வேலை. நீ ஒரு தூக்கு நிறையப் புளியங்கொட்டை வைத்திருந்தாய். தரையில் பாவியிருந்த ஆத்தங்குடிக் கற்களில், கல்லுக்கு ஒரு கொட்டை என்று வரிசை வரிசையாக அடுக்குவாய். பன்னிரண்டு கொட்டை மூன்று வரிசையில் நான்காக நிற்கும். பதினைந்து, மூன்று வரிசையில் ஐந்தாக நிற்கும். பதிமூன்றை எப்படித் திருப்பினாலும் சம வரிசைகளாக நிற்காது, ஒரே நீள வரிசையாக ஓடும். "ஆத்தா, இது உடையலாத்தா" என்று ஓடிவந்தாய். மதுரையில் கல்லூரியில் மூன்று வருடம் கணிதம் படித்தபோது அதைப் பகா எண் என்று எழுதி மதிப்பெண் வாங்கினேன். அது ஒரு செய்தி என்று யாரும் என்னிடம் ஓடிவந்து சொன்னதில்லை. நம் வீட்டில் அதற்கு உடையாத எண் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பிறகு அதை ஓர் ஆட்டமாக்கினோம். உடையாத எண் ஒன்றை எடுத்துக்கொள்வது. அதன் வலது பக்கத்தில் ஓர் இலக்கம் சேர்ப்பது. சேர்த்தபிறகும் அது உடையக்கூடாது. உடைந்தால் ஆட்டம் போச்சு, முதலிலிருந்து. நீ ஏழில் ஆரம்பித்தாய். மூன்று சேர்த்தாய், எழுபத்து மூன்று. கொட்டை அடுக்கிப் பார்த்தோம், உடையவில்லை. அடுத்த இலக்கமாக நான் ஒன்று சொன்னேன். எழுநூற்று முப்பத்தொன்றைப் பார்த்தால் உடைகிற எண்ணாகவே தோன்றாது. நீ கேட்கவில்லை, ஒன்பது என்றாய். எனக்குச் சிரிப்பு. வகுத்துப் பார்த்தால் என்னுடையது பதினேழில் உடைந்தது, பதினேழு நாற்பத்து மூன்று. உன்னுடைய எழுநூற்று முப்பத்தொன்பது நின்றது. "காலேசுல இதெல்லாம் சொல்லித் தரலையாத்தா?" என்று கேட்டாய்.

அதற்குமேல் கொட்டை போதாது. சிலேட்டில் நான் வகுப்பேன், நீ பக்கத்தில் உட்கார்ந்து மீதி இருக்கிறதா என்று பார்ப்பாய். எல்லா எண்ணாலும் வகுக்க வேண்டியதில்லை, உடையாத எண்களால் வகுத்தால் போதும். அதிலும், தன்னைத் தானே பெருக்கினால் நம் எண்ணைத் தாண்டிவிடுகிற இடம் வந்ததும் நிறுத்திவிடலாம். எழுநூற்று முப்பத்தொன்பதுக்கு அடுத்து நீ மூன்று சொன்னாய். ஒன்று சேர்த்தால் பத்தொன்பதில் உடையும், ஏழு சேர்த்தால் பதிமூன்றில், ஒன்பது சேர்த்தால் ஏழில். மூன்று மட்டும்தான் நிற்கும். உனக்கு அது எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரியாமல் சொன்னாய், அது சரியாக அமைந்தது, அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு உன்னைக் கொஞ்சம் பயத்தோடு பார்த்தேன். எனக்கு எதற்கும் பயம்தான், உனக்குத் தெரியும். நீ இருமினால் பயம், இருமாமல் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று பயம்.

எண் ஏழு இலக்கம் ஆனபோது கண்டனூரிலிருந்து வந்தார்கள். அவர்களுக்கும் நமக்கும் குலக்கோயில் இளையாத்தங்குடி, அதிலும் ஒரே பிரிவு. பிள்ளை இல்லாத வீட்டுக்கு அதே பிரிவுப் பங்காளி வீட்டுப் பிள்ளையைத்தான் கூட்டிக்கொள்ள முடியும், மூத்தவனைக் கேட்கக்கூடாது. நம் வீட்டில் இரண்டு இளையவர்கள், உன் பெரியாத்தாவின் இரண்டாவது மகனும் நீயும். அவனுக்கு உன்னைவிட ஒரு வயது கூட. இரண்டு பேரையும் பார்க்க வருகிறோம் என்று சொல்லியனுப்பினார்கள். உன் பெரியாத்தாவுக்குத் தன் மகன் அங்கே போனால் நல்லது என்ற எண்ணம், அதை ஒளிக்கவும் இல்லை. அவனைக் குளிப்பாட்டித் தலைசீவி, பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லப் பழக்கிவைத்திருந்தாள். நான் உனக்கு ஒன்றே ஒன்று சொன்னேன். "அவுக கணக்குக் கேட்டா தெரியாதுன்னு சொல்லு." ஏன் என்று கேட்டாய். சும்மா சொல்லு என்றேன்.

கேட்டார்கள், சொன்னாய். கண்டனூர் அண்ணன் உன்னைப் பார்த்து, "பன்னிரண்டாறு எம்புட்டு?" என்றார். "தெரியாது" என்றாய். "எட்டேழு?" "தெரியாது." உன் பெரியாத்தா மகன் மூச்சுவிடாமல் வாய்ப்பாடு ஒப்பித்தான். காபி கொடுத்தோம். எனக்கு உள்ளே ஏதோ ஆறிக்கொண்டு வந்தது. முடிந்தது, கிளம்பப் போகிறார்கள் என்று நினைத்தேன். அப்போது அந்த அண்ணனின் மனைவி, கண்டனூர் ஆச்சி, கைகழுவ வளவுப் பக்கம் போனார்கள். நீ அங்கே உன் கொட்டைகளோடு உட்கார்ந்துவிட்டிருந்தாய்.

"என்ன ராசா அடுக்குறீக?"

"உடையுதான்னு பாக்குறேன்."

"எதுடா உடையுறது?"

நீ அடுக்கிக் காட்டினாய். ஆச்சி கனத்த உடம்புக்காரர்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார்கள். தூக்கில் இரண்டு கையும் விட்டு ஒரு குவியல் அள்ளி வைத்தார்கள். "இது உடையுமா?" நீ எண்ணினாய், தொண்ணூற்றொன்று. இரண்டிரண்டாக வைத்துப் பார்த்துக் கலைத்தாய், மும்மூன்றாகப் பார்த்துக் கலைத்தாய், ஐந்தாகவும் பார்த்தாய். "உடையாது போல" என்றார்கள் ஆச்சி. "பொறுங்க" என்றாய். எல்லோரும் வந்து சுற்றி நின்றுவிட்டார்கள். ஏழு வரிசையாக வைத்துக்கொண்டே போனாய். பதிமூன்றாவது கல்லில் கடைசிக் கொட்டை போய் உட்கார்ந்தது. மிச்சமில்லை. ஆச்சி கையைத் தட்டிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஒரு குற்றமும் இல்லை. "அந்தப் புள்ளையும் தங்கமான புள்ளைதான்" என்று உன் பெரியாத்தாவிடம் சொல்லிவிட்டு, தன் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்து, "இவனக் கூட்டிக்குவோம்" என்றார்கள்.

அவர்கள் கார் திரும்பியதும் உன் பெரியாத்தா என்னிடம் வந்தாள். "எம்புள்ளை பதினாறாம் வாய்ப்பாடு சொன்னான், உம்புள்ளை கொட்டை அடுக்குனான். கொட்டைக்குத்தான்டி காலம்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "என்னடி இப்புடி நிக்கிற?" என்று கேட்டு, என் கையிலிருந்த காபித் தம்ளர்களை வாங்கிக்கொண்டு போனாள்.

உன் அப்பச்சி மோசமானவர் இல்லை. அவரிடம் நீ கோபப்படாதே. அன்று சாப்பிடும்போது சொன்னார்: "பங்காளி வீடு தேடி வந்து வாய்விட்டுக் கேட்டபெறகு எப்படி இல்லைங்கிறது? நாளைக்கு நமக்கு ஒண்ணுன்னா யாரு வந்து நிப்பாக? அவன் எங்குட்டுப் போறான், இந்தா இருக்கு கண்டனூரு. நீ என்ன சொல்லுறே?" நான் வாயைத் திறப்பதற்குள், "மோர் ஊத்து" என்றார். மோர் ஊற்றினேன். அதுதான் என்னிடம் கேட்டது, அதுதான் நான் சொன்ன பதில். மாட்டேன் என்று ஒரு சொல் இருந்தது. அது எனக்குத் தெரிந்த சொல்தான். கல்லூரியில் விடுதிக் காப்பாளரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அது எங்கே இருந்தது என்று தெரியவில்லை. கை மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி என்னை நானே இரண்டு மூன்று முறை கேட்டுப் பார்த்தேன். ஒன்றும் உறைக்கவில்லை.

நல்ல நாள் பார்த்தார்கள். கோயில் மாலை வந்தது, பங்காளிகள் வந்தார்கள். உன்னைப் பலகையில் உட்கார வைத்து, ஆச்சி வெள்ளிக் கிண்ணத்தில் மஞ்சள் தண்ணீர் கொடுத்தார்கள். அதைக் குடித்தால் நீ அவர்கள் பிள்ளை. நீ ஒரு வாய் குடித்துவிட்டு என்னைத் தேடினாய். கசக்கிறதா என்று நான் கண்ணால் கேட்டேன், இல்லை என்று தலையாட்டினாய். மிச்சத்தையும் குடித்தாய். நல்ல பிள்ளை என்றார்கள் எல்லோரும். இனிமேல் என்னைச் சின்னாத்தா என்று கூப்பிட வேண்டும் என்று யாரோ உனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நீ அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தாய். ஒரு வருடமாவது பெற்றவள் அந்தப் பக்கம் தலைகாட்டாமல் இருந்தால்தான் பிள்ளை அங்கே ஒட்டும் என்று என்னிடம் சொன்னார்கள். அதற்கும் சரி என்றேன்.

காரில் ஏறி உட்கார்ந்தபிறகு கண்ணாடியை இறக்கச் சொன்னாய். டிரைவர் இறக்கினார். "மூணு" என்றாய். எனக்குப் புரியவில்லை. "எட்டாவது மூணு. பாத்து வையிங்க" என்றாய். கார் போய்விட்டது. ஏழு கோடியே முப்பத்தொன்பது இலட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று. 73939133. வாசலில் நின்றவர்கள் உள்ளே போனார்கள், பந்தி போட நேரமாகியிருந்தது. நானும் போய் இலை போட்டேன்.

இதை உடைத்துப் பார்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. எட்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் வரை உள்ள உடையாத எண்கள் ஒவ்வொன்றாலும் வகுக்க வேண்டும். அப்படிப்பட்டவை ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. முதலில் அவற்றைக் கண்டுபிடித்து எழுதவே ஒரு மாதம் ஆயிற்று. பிறகு தினமும் மதியம் உன் சிலேட்டை எடுத்துக்கொண்டு வளவில் உட்கார்ந்துவிடுவேன். வகுப்பேன், மீதி வரும், அழிப்பேன், அடுத்தது. உன் பெரியாத்தா தூணில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே பார்ப்பாள். "அழுதுருடி. இதென்ன சிலேட்டும் கையுமா? ஊருல என்ன சொல்லுறாக தெரியுமா, புள்ளையக் குடுத்துட்டு இவ பள்ளிக்கூடம் போறாளாமுன்னு." நான் சிரித்தேன். நிஜமாகவே சிரிப்பு வந்தது. அழுகை வந்திருந்தால் அழுதிருப்பேன். வகுத்தல் வந்தது, வகுத்தேன். உன் அண்ணன் ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்னையும் குடுத்துருவீகளா?" என்று கேட்டான். மூத்த பிள்ளையைக் கொடுக்கமாட்டார்கள் என்றேன். அதற்குப் பதில் அவன் தலையைத் தடவியிருக்க வேண்டும். அது எனக்கு மறுநாள்தான் தோன்றியது.

மாசி மாதத்தில் ஒரு மதியம் மீதி இல்லாமல் போயிற்று. ஓர் எண்ணால் வகுத்துக்கொண்டே வந்தேன், கடைசியில் பூஜ்யம் வந்து நின்றது. உடைந்துவிட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது, தம்பி. இனி உட்கார வேண்டாம், சிலேட்டைக் கழுவிப் பரணில் போட்டுவிடலாம், நீ சொன்ன மூன்று தப்பு, ஆட்டம் போச்சு, முதலிலிருந்து. எழுந்தும் விட்டேன். பிறகு பழக்கதோஷத்தில் ஒன்பதால் தள்ளிச் சரிபார்த்தேன். நம் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் முப்பத்தெட்டு, அதில் ஒன்பது ஒன்பதாகக் கழித்துத் தள்ளினால் இரண்டு நிற்கும். நான் கண்டுபிடித்த இரண்டு துண்டுகளையும் அப்படித் தள்ளிப் பெருக்கினால் அதே இரண்டு வரவேண்டும், வேறு வந்தது. நடுவில் ஓர் ஆறைப் பூஜ்யமாகப் படித்திருக்கிறேன். மறுபடி உட்கார்ந்தேன். உனக்கு ஏதாவது புத்தி சொல்ல வேண்டுமென்றால் இதைச் சொல்வேன். உனக்கு எந்த விடை வந்தால் எழுந்து போகலாமோ, அந்த விடையைத்தான் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். பிடிக்காத விடையை யாரும் சொல்லாமலே பத்துத் தடவை பார்த்துவிடுவோம்.

சித்திரையில் கடைசி எண்ணையும் வகுத்து முடித்தேன். உடையவில்லை. ஏழு, எழுபத்து மூன்று, எழுநூற்று முப்பத்தொன்பது என்று அது வளர்ந்து வந்த வழியில் எந்த இடத்திலும் உடையவில்லை. பின்னாலிருந்து ஒவ்வோர் இலக்கமாக எடுத்துக்கொண்டே வந்தாலும், மிஞ்சுவது உடையாமலே நிற்கும். இதற்கு ஏதாவது அர்த்தம் சொல்லி உன்னைத் தேற்றலாம், என்னையும் தேற்றிக்கொள்ளலாம். எனக்கு அப்படிச் செய்யத் தெரியவில்லை. எண்ணுக்கு நம்மைத் தெரியாது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. யாரிடம் சொல்வது? உன் அப்பச்சியிடம் சொன்னேன். "அப்புடியா, நல்லது" என்றார். கொஞ்சநேரம் கழித்து, "அவன்கிட்ட சொல்லணுமா?" என்று கேட்டார். அவர் எழுந்து முகப்புப் பக்கம் போய்விட்டார். அவர் துண்டால் முகத்தைத் துடைத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

போன வாரம் நெற்குப்பையில் ஒரு கல்யாணம். அவர்களும் வருவார்கள் என்று தெரிந்தே போனேன். ஒரு வருடம் ஆகவில்லை என்று உன் பெரியாத்தா முணுமுணுத்தாள். கல்யாண வீட்டுக்கு வராமல் இருக்க முடியுமா என்று அவளே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். நீ ஆச்சியின் பக்கத்தில் நின்றிருந்தாய். வளர்ந்திருந்தாய், காதோரம் முடியை வேறு மாதிரி வெட்டியிருந்தார்கள். என்னைக் கண்டதும் கைகுவித்து, சொல்லிக்கொடுத்தபடி, "வாங்க சின்னாத்தா" என்றாய். நான் "வந்தேன்பா" என்றேன். பந்திக்கு ஆள் கூப்பிட்டார்கள். அப்போதுதான் நீ கேட்டாய்.

"அது உடஞ்சுச்சா?"

"உடையலை."

நீ என் பக்கம் வரவில்லை. ஆச்சி பக்கம் திரும்பி அவர்கள் சேலையை இழுத்தாய். "ஆத்தா, நான் சொன்னேன்ல!"

ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "ஏம்மா, என்னத்தச் சொல்லிக்குடுத்து அனுப்புனே இவனுக்கு? வீட்டுல ஒரு மனுசரு நிம்மதியா இருக்க முடியலை. ஒம்பதாவது என்ன போடுறதுன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெனமும் சண்டை. எனக்கு எங்குட்டு வகுக்கத் தெரியும்? கணக்கப்பிள்ளையப் புடிச்சு உக்கார வச்சிருக்கான். அவரு பாவம், ஊருக்குப் போறேன், லீவு குடுங்க ஆச்சிங்குறாரு" என்றார்கள். நீ குறுக்கே விழுந்து சொன்னாய்: "ஒண்ணப் போட்டா மூணுல உடையுது. ஏழப் போட்டா ஒம்பதுல உடையுது. கூட்டிப் பாத்துட்டோம். மூணும் ஒம்பதும்தான் இருக்கு. நீங்க மூணப் பாருங்க சின்னாத்தா. ஒம்பத நாங்க பாக்குறோம்." சொல்லிவிட்டு நீ உன் வயதுப் பிள்ளைகளோடு ஓடிவிட்டாய்.

ஆச்சி கையை விடவில்லை. "எங்க போனாலும் அந்தக் கொட்டைத் தூக்கு இல்லாம வரமாட்டான். மொத பத்து நாளு அழுதான், அதையும் ஒனக்குச் சொல்லிருறேன். இப்ப இல்லை. ஒரு வருசம் வரக்கூடாதுன்னு யாரோ சொன்னாகளாமே, நான் சொல்லலை அப்படி. கணக்கப்பிள்ளை கையவிரிச்சுட்டா நீதான் வந்து பாக்கணும். வெள்ளிக்கிழமை வா" என்றார்கள். நான் தலையாட்டினேன். பிறகு சாப்பிட்டோம். என்ன பலகாரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வீட்டுக்கு வந்து மறுநாள் மூன்றைப் பார்த்தேன். மாதக்கணக்கில் பிடிக்கும் என்று நினைத்து உட்கார்ந்தேன், ஒரே மதியத்தில் முடிந்துவிட்டது. நூற்று இருபத்தேழில் உடைகிறது. பெருக்கிச் சரிபார்த்தேன், ஒன்பதால் தள்ளியும் பார்த்தேன், சரிதான். இனி ஒன்பது ஒன்றுதான் மீதம். அதுவும் உடைந்தால் நம் எண் எட்டு இலக்கத்தோடு நின்றுவிடும், அதற்குமேல் வளராது. எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் ஒன்பதை நான் தொடவில்லை. அது நீயும் உன் ஆத்தாவும் பார்க்கிற எண். சிலேட்டைக் கழுவி உன் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். அவன் அதில் கார் படம் போடுகிறான்.

உனக்கும் பிள்ளைகள் பிறக்கும். நம் பங்காளிகளில் யாருக்காவது பிள்ளை இல்லாமல் போகும், உன் வாசலுக்கும் வந்து கேட்பார்கள். கொடு என்றும் சொல்லமாட்டேன், கொடுக்காதே என்றும் சொல்லமாட்டேன். ஆச்சியைப் பார்த்தபிறகு கொடுக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் உன் மனைவியிடம் கேள். கேட்டுவிட்டு மோர் கேட்காதே. இலையை மடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து அவள் எதிரே உட்கார். அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு எழுந்துவிடாதே. அவளுக்குச் சொல் வரும்வரை உட்கார்ந்திரு. ஒரு நாள் ஆனாலும், ஒரு மாதம் ஆனாலும் சரி. வாசலில் பங்காளி காத்திருந்தால் காத்திருக்கட்டும்.

நாளை வெள்ளிக்கிழமை. நான் கண்டனூர் வருகிறேன். உன் அப்பச்சியிடம் சொல்லிவிட்டேன், உன் பெரியாத்தாவிடம் சொல்லவில்லை. அங்கே வந்து நான் எப்படி இருப்பேன், எங்கே உட்காருவேன், உன்னைப் பார்த்து என்ன செய்வேன் என்று இன்றைக்கு எதுவும் தெரியவில்லை. நீ சின்னாத்தா என்று கூப்பிடுவாய். நான் என்னப்பா என்று திரும்புவேன். அதைப் பழகிக்கொள்ளத்தான் வருகிறேன்.